குலதெய்வம் தெரியலையா? ஜோசியர்கிட்ட போறதுக்கு முன்னாடி அத்தைகிட்ட போங்க

குலதெய்வம் எதுன்னே தெரியாத குடும்பம் இப்ப நிறைய இருக்கு. தாத்தா பொழைப்புத் தேடி ஊரை விட்டு வந்திருப்பாரு, அப்பா வேலைக்குன்னு வேற ஊர், நாம படிச்சது ஒரு ஊர் இப்ப இருக்கிறது இன்னொரு ஊர், நடுவுல வருஷா வருஷம் தவறாம கோயிலுக்குப் போயிட்டு இருந்த பெரியவர் ஒருத்தர் போய்ச் சேர்ந்துட்டாரு, அதோட சரி. அப்புறம் வீட்டுல ஒரு கல்யாணம் தள்ளிட்டே போகும், இல்லன்னா குழந்தைக்கு மொட்டை எங்க போடறதுன்னு பேச்சு வரும், அப்பதான் "ஆமா நமக்கு குலதெய்வம் எது"ன்னு எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாப்பாங்க. உடனே யாராவது ஜாதகத்தை எடுத்துட்டு ஓடுவாங்க.

ஜோசியத்துக்கு நான் எதிரி இல்லங்க. ஆனா அஞ்சாம் இடம் ஒன்பதாம் இடமெல்லாம் பாத்துட்டு அவங்க சொல்றது பெரும்பாலும் "பெண் தெய்வம், தெற்குப் பக்கம், நீர்நிலை ஓரம்"ங்கிற அளவுலதான் நிக்கும், தமிழ்நாட்டுல கம்மாக்கரையில ஒரு அம்மன் இல்லாத ஊரு எங்க இருக்கு சொல்லுங்க. அதை வச்சுக்கிட்டு கார் எடுத்துட்டு ஊர் ஊரா சுத்துறதுக்கு, நம்ம வீட்டுலயே இருக்கிற ஆளுங்களையும் பழைய பேப்பரையும் முதல்ல பாத்துடலாம். குலதெய்வத்தைத் தேடுறதுன்னா முதல்ல ஆளைத் தேடுறதுதான். பாட்டன் பேரு என்ன, பூட்டன் எந்த ஊரு, யாரெல்லாம் பங்காளி, இது தெரிஞ்சா கோயில் தன்னால வந்து நிக்கும். அப்படி ஆளைத் தேடிப் போய் கண்டுபிடிச்ச கோயில்ல நின்னு கும்பிடும்போது வர்ற ஒரு ஒட்டுதல் இருக்கு பாருங்க, யாரோ குறி சொல்லிக் காட்டுன கோயில்ல அது வரும்னு எனக்குத் தோணல.

யாரைக் கேக்குறது, எப்படிக் கேக்குறது

எல்லாரும் முதல்ல அப்பாவைக் கேப்பாங்க. ஆம்பளைங்களுக்கு இதுல ஞாபகம் ரொம்ப கம்மி, "ஏதோ கருப்பசாமின்னு சொல்லுவாங்கப்பா"ன்னு முடிச்சிடுவாங்க. கேக்க வேண்டியது அத்தைங்களை. அப்பாவோட அக்கா தங்கச்சி, அவங்க இல்லன்னா தாத்தாவோட அக்கா தங்கச்சி யாராவது உயிரோட இருந்தா இன்னைக்கே போங்க, அடுத்த மாசம்னு தள்ளாதீங்க. கட்டிக் கொடுத்த பொண்ணுக்கு சாமி மாறிடும், புருஷன் வீட்டு தெய்வம்தான் அதுக்கப்புறம், ஆனா பொறந்த வீட்டு சாமியை அவங்க விட மாட்டாங்க, எந்த பஸ்ல போனோம் எந்த மரத்தடியில பொங்க வச்சோம்னு அவங்களுக்குத்தான் நினைப்பு இருக்கும். அடுத்தது உங்க அம்மா. புதுப்பொண்ணா வந்தப்ப முதல் பொங்கல் வைக்க எங்கயாவது கூட்டிட்டுப் போயிருப்பாங்க, பேரு தெரியாட்டாலும் வழி தெரியும்.

"நம்ம குலதெய்வம் எது"ன்னு நேரடியா கேட்டா "தெரியலையேப்பா"ன்னு பதில் வரும், கதவு சாத்திக்கும். அதனால சுத்தி வளைச்சுக் கேளுங்க. அப்பாவுக்கு முதல் மொட்டை எங்க போட்டாங்க, காது குத்துறப்ப எந்த மாமா மடியில உக்கார வச்சாங்க. கல்யாணப் பத்திரிகை அடிச்சதும் முதல் பத்திரிகையை எந்த சாமிகிட்ட வச்சாங்க. யாருக்காவது உடம்புக்கு முடியாம போனா மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வைப்பாங்களே, அது எந்த சாமியை நினைச்சு. கெடா வெட்டுவாங்களா இல்ல வெறும் பொங்கலும் தேங்காயும்தானா, வெட்டினா அந்தக் கறியை அங்கயே சாப்பிட்டு முடிச்சுட்டுத்தான் வரணுமா இல்ல வீட்டுக்குக் கொண்டு வரலாமா. எந்த மாசம் போவாங்க.

இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். பங்குனி உத்திரத்துக்குப் போனோம்னு சொன்னா பெரும்பாலும் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கத்து சாஸ்தா கோயில், அங்கெல்லாம் பங்குனி உத்திரம்னா எங்கெங்கயோ இருக்கிற குடும்பமெல்லாம் அவங்கவங்க சாஸ்தாவைத் தேடி வந்து சேரும். மாசி சிவராத்திரின்னு சொன்னா மதுரை, தேனி, விருதுநகர், ராமநாதபுரம் பக்கம் பாருங்க. இதெல்லாம் எழுதி வச்ச சட்டம் இல்ல, ஒரு திசை கிடைக்கும் அவ்வளவுதான்.

இன்னொரு கேள்வி இருக்கு, யாரும் கேக்க யோசிக்க மாட்டாங்க. "யார் செத்தா நம்ம வீட்டுல தீட்டு?" நமக்குத் தீட்டு யாரெல்லாமோ அவங்கதான் பங்காளி, பங்காளிக்கெல்லாம் ஒரே குலதெய்வம், மாமன் மச்சான் வீட்டுக்கு வேற. அதனால உங்க கிளையில மறந்து போனாலும் எட்டத் தள்ளி இருக்கிற பங்காளி வீட்டுல ஒருத்தர் இன்னும் போயிட்டு இருப்பாரு. தாத்தா கருமாதிக்கு யார் யார் வந்து பங்காளி முறைக்கு நின்னாங்கன்னு கேட்டு அந்தப் பேரை எல்லாம் எழுதுங்க, ஒவ்வொருத்தருக்கா போன் போடுங்க. பாதிப் பேருக்கு இங்கயே விடை கிடைச்சிடும், கீழ இருக்கிறது எதுவும் தேவையே படாது.

போன்ல வாய்ஸ் ரெக்கார்டர் ஆன் பண்ணி வச்சுடுங்க, சொல்லிட்டே வைங்க, ஒளிச்சு வைக்காதீங்க. கையில பேனா வச்சு எழுதிட்டே கேட்டா அவங்களுக்கு ஏதோ விசாரணை மாதிரி ஆயிடுது, பேச்சு நின்னுடும். முடிஞ்சா ரெண்டு கிழவிகளை ஒண்ணா உக்கார வைங்க. ஒருத்தங்க "அது பெரியகோட்டைப் பக்கம்"னு சொல்லுவாங்க, இன்னொருத்தங்க "உனக்கு என்னடி தெரியும், நீ அப்ப கைக்குழந்தை"ன்னு சண்டைக்கு வருவாங்க, அந்தச் சண்டையில வர்ற விவரம் தனியா கேட்டா ஜென்மத்துக்கும் வராது. பழைய போட்டோ ஒண்ணு கையில கொண்டு போனா இன்னும் நல்லது.

பேரையெல்லாம் எழுதும்போது ஒண்ணை கவனிங்க. தலைமுறைக்கு ஒருத்தர்னு திரும்பத் திரும்ப ஒரே பேர் வரும். சுடலைமுத்து, பேச்சிமுத்து, இசக்கி, மாடசாமி, முனியாண்டி, அய்யனார், கருப்பையா, அங்கம்மா, பெரியாண்டி. குழந்தைக்கு குலதெய்வத்தோட பேர் வைக்கிறது வழக்கம், தாத்தா பேரை பேரனுக்கு வைக்கிறதும் வழக்கம், ரெண்டும் சேர்ந்து அந்த சாமி பேரு குடும்பத்துக்குள்ளயே சுத்திட்டு இருக்கும். மூணு தலைமுறையில ரெண்டு பேச்சியம்மாள் இருந்தா பேச்சியம்மன் கோயிலைத் தேடுறது வீண் போகாது.

வருஷக் கணக்கு பத்தி ஒரு வார்த்தை. பெரியவங்க "தாது வருஷப் பஞ்சத்துல கிளம்பி வந்தோம்"னு சொல்லுவாங்க, அது 1876-78ல மெட்ராஸ் மாகாணத்தையே காலி பண்ண பெரிய பஞ்சம், எத்தனையோ குடும்பம் ஊர் மாறுனது அப்பதான். தமிழ் வருஷப் பேரு 60 வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப வரும், அதனால 1936லயும் ஒரு தாது இருக்கு, சொல்ற கதையில யாரு பெரியவங்களா இருந்தாங்கன்னு பாத்து எதுன்னு முடிவு பண்ணுங்க. தலைமுறைக்கு 25லருந்து 30 வருஷம்னு போட்டா ஓரளவுக்கு சரியா வரும். "தனுஷ்கோடி புயல் அடிச்சப்ப நான் வயித்துப் புள்ளைக்காரி"ன்னு சொன்னா அது 1964 டிசம்பர், அப்ப அந்தப் பிள்ளை பொறந்தது 65. 1969ல பிறப்பு இறப்பு பதிவுச் சட்டம் வர்றதுக்கு முன்னாடி பொறந்த பல பேருக்கு சர்டிபிகேட்டே கிடையாது, ஸ்கூல்ல சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான், அதனால இந்த மாதிரி நினைவுக் கணக்குதான் நமக்கு கை கொடுக்கும்.

பரண்ல என்ன இருக்கு

ஆளுங்க சொல்லி முடிச்சதுக்கு அப்புறம் பேப்பர். பழைய கல்யாணப் பத்திரிகை கிடைச்சா தலைப்புல "இன்ன சாமி துணை"ன்னு போட்டிருக்கும், அதுல ஒரு எச்சரிக்கை, சில வீட்டுல இஷ்ட தெய்வத்தை போட்டிருப்பாங்க, முருகன் பெருமாள்னு இருந்தா உடனே அதுதான் குலதெய்வம்னு நினைச்சுக்காதீங்க. மொய் நோட்டு கிடைச்சா அதிர்ஷ்டம். 1950, 60ல எழுதுன மொய் நோட்டுல ஊர் பேரோட ஆள் பேர் இருக்கும், ஒரே ஊர்லருந்து பத்து பதினஞ்சு பேர் மொய் வச்சிருந்தா அங்க நமக்கு சொந்தம் இருக்குன்னு அர்த்தம்.

இனிஷியலை விடாதீங்க. பழைய ஆளுங்களுக்கு ரெண்டு எழுத்து இருந்தா அதுல முதல் எழுத்து பல வீட்டுல ஊர் பேரு. தாத்தாவோட பழைய சர்டிபிகேட், சர்வீஸ் புக், பட்டாளத்துல இருந்திருந்தா டிஸ்சார்ஜ் பேப்பர், இதுல எங்கயாவது விரிச்சு எழுதியிருப்பாங்க.

எனக்குப் பிடிச்ச ஆவணம் பாகப்பிரிவினை பத்திரம். அண்ணன் தம்பி சொத்து பிரிச்சுக்கிட்ட பத்திரம், அதுல எல்லாருடைய பேரும், அப்பா பேரும், யார் எங்க குடியிருக்காங்கங்கிறதும் வரிசையா இருக்கும். சிலதுல கிணறு பொது, வண்டிப்பாதை பொதுன்னு எழுதும்போது கோயிலும் பொதுன்னு ஒரு வரி போட்டிருப்பாங்க, அந்த ஒரு வரி கிடைச்சா போதும். கிரயப் பத்திரத்துலயும் "இன்ன கிராமத்தில் வசிக்கும் இன்னார் குமாரர்"னு வரும். வீட்டுல பத்திரம் இல்லன்னா பத்திரப்பதிவுத் துறை வெப்சைட்ல வில்லங்கம் போட்டுப் பாக்கலாம், சர்வே நம்பர் தெரியணும், ரொம்பப் பழசுன்னா சார்பதிவாளர் ஆபீஸ்ல மனு கொடுத்துத்தான் வாங்கணும், கொஞ்சம் அலைய வேண்டி இருக்கும். வாக்காளர் பட்டியலையும் பாருங்க, 2002, 2005 வருஷத்துப் பழைய பட்டியல் தேர்தல் ஆணையம் ஆன்லைன்ல போட்டிருக்கு, அதுல ஆள் பேரோட அப்பா பேரோ புருஷன் பேரோ வீட்டு நம்பர் வரிசையில இருக்கும், சந்தேகப்படுற ஊரோட பட்டியலை எடுத்துப் படிச்சா பங்காளி பேரெல்லாம் கண்ணுல படும்.

சில சமூகத்துக்கு வேலை சுலபம். நகரத்தார்னா ஒன்பது கோயில்ல எந்தக் கோயில்னு கேட்டாலே தெரிஞ்சிடும், கல்யாணத்துக்கு கோயில்ல இருந்து மாலை வாங்கணுமே. கொங்குப் பக்கம் கூட்டம் பேர், அதாவது குலத்தோட பேர் தெரிஞ்சா, அந்தக் கூட்டத்தோட காணிக் கோயில் தெரியும். மத்தவங்களுக்குத்தான் இந்த அலைச்சல் எல்லாம்.

முன்னோர் கடல் தாண்டிப் போனவங்களா இருந்தா கதை வேற, ஆச்சரியமா அவங்களுக்குத்தான் பேப்பர் அதிகம். கூலிக்கு ஆள் எடுத்த வெள்ளைக்காரன் கணக்கு எழுதி வச்சான். 1860ல மெட்ராஸ்ல இருந்து தென்னாப்பிரிக்கா டர்பனுக்குப் போன முதல் கப்பல் ட்ரூரோ, அதுல இருந்து ஆரம்பிச்சு கப்பல் பட்டியல் இருக்கு. பிஜிக்குப் போனவங்களோட எமிக்ரேஷன் பாஸ்ல பேரு, அப்பா பேரு, கிராமம், தாலுகா, ஜாதி, உயரம், உடம்புல இருக்கிற தழும்பு மச்சம் வரைக்கும் இருக்கும். மொரீஷியஸ்ல மோகாங்கிற ஊர்ல மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்ல ஒப்பந்தக் கூலிகளோட பதிவேடு வச்சிருக்காங்க, சில பேரோட போட்டோ கூட உண்டு. இலங்கை மலையகத்துல இருந்து 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துல திரும்பி வந்த குடும்பம்னா அப்ப கொடுத்த பேமிலி கார்டு, பாஸ்போர்ட்டைத் தேடி எடுங்க, முன்னோர் கிளம்புன ஊர் பேர் அதுல இருக்கான்னு பாருங்க. எழுத்துக்கூட்டு கன்னாபின்னான்னு இருக்கும், வெள்ளைக்காரன் காதுல விழுந்ததை எழுதுனது, வாய்விட்டுப் படிச்சுப் பாத்தா புரியும்.

ஊருக்குப் போறது

ஊர் பேர் கிடைச்சாச்சு. திருவிழா அன்னைக்குப் போகாதீங்க, யாருக்கும் பேச நேரம் இருக்காது. சாதாரண நாள்ல, காலையில போங்க, டீக்கடையில ஆரம்பிங்க.

அங்க போய் உங்க பேரையும் வேலையையும் சொன்னா யாருக்கும் ஒண்ணும் புரியாது. "இன்னார் பேரன்"னு தாத்தா பேரைச் சொல்லுங்க, தாத்தாவுக்கு ஒரு பட்டப்பேர் இருந்தா அதைச் சொல்லுங்க. ஊர்ல குடும்பத்தை அடையாளம் வச்சிருக்கிறது வகையறாப் பேரை வச்சுத்தான், கணக்குப்பிள்ளை வீடு, மூக்கன் வகையறா, மேலவீட்டுக்காரங்கன்னு ஏதாவது இருக்கும். அத்தைகிட்ட கேக்கும்போதே "ஊர்ல நம்மள என்னன்னு கூப்பிடுவாங்க"ன்னு கேட்டு வச்சுக்கிட்டா இங்க உதவும்.

அப்புறம், சொத்துக்காக வரலைங்கிறதை முதல் அஞ்சு நிமிஷத்துலயே தெளிவா சொல்லிடுங்க. சிரிக்காதீங்க, நாப்பது அம்பது வருஷமா எட்டிப் பாக்காத பங்காளி திடீர்னு வந்து தாத்தா பேரு பூட்டன் பேருன்னு விசாரிச்சா அவங்களுக்கு முதல்ல தோணுறது "பங்கு கேக்க வந்துட்டான்"ங்கிறதுதான். கையில பத்திரத்தோட ஜெராக்ஸ் வச்சிருந்தா பையிலயே இருக்கட்டும், வெளிய எடுக்காதீங்க. "மொட்டை போடணும், சாமி எதுன்னு தெரியல"ன்னு சொன்னீங்கன்னா அதே ஆளுங்க வண்டியில ஏத்திக்கிட்டு கோயில் வரைக்கும் கூட்டிட்டுப் போவாங்க.

கோயில்ல பூசாரியைப் பாருங்க, நிர்வாகத்துல இருக்கிறவங்களைப் பாருங்க. கொடைக்கு, திருவிழாவுக்கு தலைக்கட்டு வரி வாங்குற நோட்டு ஒண்ணு இருக்கும், எந்தெந்த வீடு வரி கொடுத்ததுன்னு வருஷா வருஷம் எழுதி வச்சிருப்பாங்க. பழைய நோட்டுல உங்க தாத்தா பேரோ பெரிய தாத்தா பேரோ இருந்தா அதுக்கு மேல ஆதாரம் எதுவும் வேண்டாம். நோட்டு இல்லன்னாலும் கல்லுல வெட்டி வச்சிருப்பாங்க, உபயம்னு டியூப் லைட்டுல எழுதியிருப்பாங்க, மணியில பேர் அடிச்சிருப்பாங்க, எல்லாத்தையும் படிங்க.

ரெண்டு விஷயத்துல இடறும். ஒண்ணு, நீங்க பாக்குற கோயில் பிடிமண் கோயிலா இருக்கலாம். ஊர் மாறிப் போனவங்க மூலக் கோயில்ல இருந்து ஒரு பிடி மண் எடுத்துட்டுப் போய் புது இடத்துல வச்சு கும்பிட்டிருப்பாங்க, அதனால "இதுக்கு ஆதி கோயில் எது"ன்னு கேளுங்க, சில குடும்பத்துக்கு அந்த வழியில போனா இன்னும் ரெண்டு ஊர் பின்னாடி போகும். இன்னொண்ணு, பெரிய கோயிலுக்குள்ள உங்க சாமி ஓரத்துல நிக்கிற சின்னக் கல்லா இருக்கும். சாஸ்தா கோயில்னா சாஸ்தா நடுவுல இருப்பாரு, சுத்தி பேச்சி, சுடலை, கருப்பன், தளவாய்னு பரிவாரம் நிக்கும், சில குடும்பத்துக்கு அந்தப் பரிவாரத்துல ஒண்ணுதான் சொந்தம். நடுவுல இருக்கிறவரை மட்டும் கும்பிட்டுட்டு வந்துடாதீங்க, "எங்க வகையறா எங்க பொங்க வைப்பாங்க"ன்னு இடத்தைக் கேளுங்க.

சாமியோட கதையைக் கேளுங்க

இதைத்தான் பல பேர் விட்டுடுறாங்க. கோயில் கிடைச்சதும் அபிஷேகம் பண்ணி, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுட்டு கிளம்பிடுறாங்க. உக்காந்து பூசாரிகிட்ட, ஊர்ப் பெரியவர்கிட்ட, தெக்குப் பக்கம்னா வில்லுப்பாட்டுக்காரர்கிட்ட, கணியான் கூத்து ஆடுறவர்கிட்ட இந்த சாமி யாருன்னு கேளுங்க. நிறைய குலதெய்வம் ஒரு காலத்துல மனுஷனா மனுஷியா இருந்தவங்கதான். ஊர் மாட்டை ஓட்டிட்டுப் போனவனோட சண்டை போட்டு செத்தவன், ஏரிக்கரை உடையாம காத்தவன், புருஷனோட தீயில விழுந்த தீப்பாய்ஞ்சம்மன், கல்யாணம் ஆகாம சின்ன வயசுல போன பொண்ணு. செத்தவனுக்கு கல் நட்டு கும்பிடுறது நம்ம மண்ணுல ரொம்பப் பழைய பழக்கம், தேனிப் பக்கம் புலிமான்கோம்பைல 2006ல கண்டுபிடிச்ச நடுகல்லுல தமிழி எழுத்துல, அதாவது பழைய தமிழ் பிராமில, செத்தவன் பேரே வெட்டியிருக்கு, செங்கம் பக்கம் போனா இப்பவும் வயல்ல நடுகல் நிக்கிறதைப் பாக்கலாம், அதுல சிலதுக்கு மாலை போட்டு பொங்க வச்சுட்டுத்தான் இருக்காங்க.

அநியாயமா கொல்லப்பட்டவங்கதான் நிறைய பேர். மதுரை வீரன் மாறு கால் மாறு கை வாங்கப்பட்டவன், காத்தவராயனைக் கழுவுல ஏத்துனாங்க, ரெண்டு கதையிலயும் ஜாதி விட்டு ஜாதி காதல் இருக்கு. கொன்ன ஊரே பயந்து போய் கும்பிட ஆரம்பிச்ச சாமியும் இருக்கு. நம்ம குலதெய்வத்தோட கதையிலயும் நம்ம முன்னோர் எந்தப் பக்கம் நின்னாங்கன்னு தெரிய வரும்போது கொஞ்சம் கூச்சமாக் கூட இருக்கும். அந்தக் கதையை மாத்தி "அம்மன் அவதாரம்"னு பெருசாக்கி போர்டு வைக்கிற வேலை இப்ப பல ஊர்ல நடக்குது, எனக்கு அது பிடிக்கல. செத்துப் போன ஒரு பொண்ணை இருநூறு வருஷமா மறக்காம சேலை வாங்கி வச்சு கும்பிட்டிருக்காங்கன்னா அதைவிட பெரிய விஷயம் என்ன இருக்கு, அதுக்கு மேல எந்த அவதாரமும் தேவையில்ல.

கதை தெரிஞ்சதும் கும்பிடுற விதமே மாறும். முன்னாடி "அது கொடு இது கொடு"ன்னு வேண்டிட்டு இருந்த ஆளு, இது நம்ம வீட்டு மனுஷிங்கிறது புரிஞ்சதும் பேச ஆரம்பிச்சுடுவான். கடவுள் நம்பிக்கை பெருசா இல்லாதவங்க கூட இந்த இடத்துல கொஞ்சம் தடுமாறுறதைப் பாத்திருக்கேன், அவங்களுக்கும் சொல்றது ஒண்ணுதான், நம்பாட்டி பரவாயில்ல, போய் உக்காருங்க, பங்காளிகளோட ஒரு வேளை சாப்பிடுங்க.

வீட்டுல செய்யறதுக்கு ஒரு பழக்கம் சொல்றேன். அமாவாசைக்கு தர்ப்பணம் கொடுக்கிறவங்களுக்குத் தெரியும், அப்பா, தாத்தா, பூட்டன்னு மூணு தலைமுறை பேர் சொல்லணும், அம்மா பாட்டி பூட்டி பேரும் கேப்பாங்க. ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை வந்தா ஆத்தங்கரையில உக்காந்து "பூட்டி பேரு தெரியலையே சாமி"ன்னு முழிக்கிறவங்கதான் அதிகம். தர்ப்பணம் கொடுக்கிற வழக்கம் இல்லாத வீட்டுலயும் அன்னைக்கு படையல் போட்டு காக்காவுக்கு வைக்கிறது உண்டு, அந்த நேரத்துல பேரையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்க, பிள்ளைங்க காதுல விழற மாதிரி. பொம்பளைங்க பேரைத்தான் முதல்ல மறக்கிறோம். பழைய ரேஷன் கார்டு, சீதனமா எழுதிக் கொடுத்த பத்திரம், கல்லறைக் கல்லு, இதுலதான் அவங்க பேர் மிச்சம் இருக்கும்.

அதோட இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்க. அப்பா வழி அம்மா வழி எல்லாம் சேத்தா நமக்கு பூட்டன் பூட்டி மொத்தம் எட்டு பேர். குலதெய்வம்னு நாம பிடிச்சுட்டுப் போறது அதுல அப்பாவோட அப்பாவோட அப்பாங்கிற ஒரே ஒரு கோடு. மீதி ஏழு பேருடைய ரத்தமும்தான் நம்ம உடம்புல ஓடுது. அதனால அம்மாவோட பொறந்த வீட்டு சாமியையும் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்க, தப்பில்ல, அம்மாவுக்கு எவ்வளவு சந்தோஷம்னு போனா தெரியும். பத்து தலைமுறை பின்னாடி போனா 1024 இடம் வருது, அத்தனையும் "ஆண்ட பரம்பரை"யா இருக்க வாய்ப்பே இல்லைங்க, அதுல கூலிக்காரனும் இருப்பான் திருடனும் இருப்பான் ஓடி வந்தவளும் இருப்பா. ரெண்டாம் தாரம், சொல்லாம விட்ட பிள்ளை, ஊரை விட்டுத் தள்ளி வச்ச கதை இதெல்லாம் தேடும்போது வரத்தான் செய்யும். எழுதி வைங்க, ஆனா உயிரோட இருக்கிற ஒருத்தர் மனசு கஷ்டப்படும்னா குரூப்ல போடாதீங்க.

மதம் மாறுன வீடுகளுக்கு

கிறிஸ்தவக் குடும்பம்னா சர்ச் ரிஜிஸ்டர் பெரிய புதையல். தூத்துக்குடி முத்துக்குளித்துறைப் பக்கம் 1530கள்லயே ஞானஸ்நானம் வாங்குன குடும்பங்கள் இருக்கு, தரங்கம்பாடில புராட்டஸ்டன்ட் மிஷனரிங்க வந்து இறங்குனது 1706. பழைய ரிஜிஸ்டர் எல்லாம் எல்லா ஊர்லயும் மிஞ்சல, கரையான் தின்னது பாதி, இருந்தாலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூணு பதிவேட்டையும் கேளுங்க. கத்தோலிக்க சபையில ஒருத்தருக்கு கல்யாணம் ஆனா அந்த விவரத்தை அவர் ஞானஸ்நானம் வாங்குன பங்குக்கு அனுப்பி அங்க குறிச்சு வைப்பாங்க, அதனால ஒரே பதிவுல ஆள் எங்க போய்ச் சேர்ந்தார்ங்கிறதும் கிடைக்கும். ஞானத்தாய் ஞானத்தகப்பன் பேரையும் எழுதிக்கோங்க, பெரும்பாலும் சொந்தக்காரங்களா இருப்பாங்க. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு சொந்த ஊர் போனீங்கன்னா பாதி சொந்தம் அங்கயே மெழுகுவத்தியோட நிக்கும். முஸ்லிம் குடும்பம்னா ஊர் ஜமாஅத்துல நிக்காஹ் பதிவுப் புத்தகம் இருக்கும், அதுல ரெண்டு பக்கத்து வாப்பா பேரும் சாட்சி பேரும் இருக்கும்.

எல்லாம் பண்ணியும் கிடைக்கலைன்னா

சில குடும்பத்துக்கு கிடைக்காது, அதுதான் உண்மை. ஊரே டேம்ல மூழ்கியிருக்கும், இல்ல தெரிஞ்சவங்க எல்லாரும் போயிருப்பாங்க. வீட்டுல காமாட்சி விளக்கு ஏத்தி அதையே குலதெய்வமா நினைச்சுக்கோன்னு பெரியவங்க சொல்லுவாங்க, அது போதும். தெரிஞ்ச தாத்தா பாட்டி பேரைச் சொல்லி விளக்கு ஏத்துங்க. "குலதெய்வ சாபம், பத்தாயிரம் கொடு நிவர்த்தி பண்றேன்"னு எவனாவது சொன்னா எந்திரிச்சு வந்துடுங்க. பேரன் தொலைச்சுட்டான்னு எந்தப் பாட்டியாவது சாபம் விடுவாளா?

கிடைச்சவங்க செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கு. சாமி பேரு, ஊரு, எந்த பஸ் ஸ்டாப்புல இறங்கணும், எந்த மாசம், யார் வகையறா, என்ன படையல், கதை என்ன, இதை ஒரு பக்கத்துல எழுதி பீரோவுல ஒரு காப்பி, போன்ல ஒரு காப்பி வைங்க, மேப்ல லொக்கேஷன் போட்டு வைங்க, அந்த மாதிரி கோயில் பாதி மேப்ல இருக்கவே இருக்காது. குடும்ப மரம் வரையிற இலவச வெப்சைட் எல்லாம் இருக்கு, உயிரோட இருக்கிறவங்க பிறந்த தேதி, ஆதார் இதெல்லாம் அதுல ஏத்தாதீங்க. தலைக்கட்டு வரியை இந்த வருஷத்துலயே கட்டி உங்க பேரை நோட்டுல ஏத்திடுங்க, பணம் பெரிசா இருக்காது, போக முடியாத வருஷமும் அனுப்பி விடுங்க. பூசாரி நம்பரை வீட்டுல ரெண்டு பேர் போன்லயாவது சேவ் பண்ணி வைங்க, அதுல ஒருத்தர் முப்பது வயசுக்குக் கீழ இருக்கணும்.